கீழே சைக்கிள், மேலே பூட்ஸ்

முகத்தைத் தேவானை பார்ப்பதில்லை. எதிரே வந்து நிற்கும் காலைப் பார்க்கிறாள். செருப்பு கழன்றதும் கையிலிருக்கும் வளைந்த கம்பியால் இரண்டு வார்களையும் ஒன்றாகக் கோத்துத் தூக்கி, பின்னால் இருக்கும் இரும்பு அடுக்கில் வைக்கிறாள். முனை சுவரைப் பார்க்க வேண்டும், குதிகால் அவளைப் பார்க்க வேண்டும். வைத்த பிறகு திரும்பிப் பார்ப்பது கிடையாது. அதற்குள் அடுத்த கால் வந்திருக்கும்.

"டோக்கன் இல்லையா?" என்று யாராவது தினமும் கேட்பார்கள்.

"நீ போய்ட்டு வாம்மா. நா எடுத்துக் குடுப்பேன்."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"உன் காலு உனுக்குத் தெரியும்ல. அந்த மாறிதான்."

இதற்கும் நம்பாமல் நிற்பவர்களுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவில் நீல நிற டோக்கன்கள் இருக்கின்றன. செருப்பு வைக்கும் இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் முருகையன் வாங்கிப் போட்டவை. கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். அதில் நாற்பத்தொன்று என்று போட்டிருக்கும். நாற்பத்தொன்று என்று அடுக்கில் இடமே கிடையாது. திரும்பி வந்து அவர்கள் டோக்கனை நீட்டும்போது அதை டப்பாவில் போட்டுவிட்டு, காலைப் பார்த்துச் செருப்பை எடுத்து வைப்பாள். "அவுங்க மனசு ஆறட்டும்னு குடுக்கறேன். அதுல எனுக்கு ஒண்ணும் எழுதி வைக்கல" என்பாள்.

மயிலாப்பூர்ப் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், குளத்தை நோக்கித் திரும்புகிற மூலையில் முப்பத்திரண்டு வருடமாக இந்த வேலை. வயது அறுபத்தாறு. கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டாள். செத்துப்போன புருஷனுக்கும் சாமியின் பெயர்தான். பஸ்ஸில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் "மயிலாப்பூர் பெரிய கோயில்ல" என்பாள். பக்கத்தில் பூ விற்கும் ஆரோக்கியமேரிக்கு இதில் தீராத சந்தோஷம். கூட்டம் இல்லாத நேரத்தில், "யக்கா, உள்ள கீற சாமி பேரு இன்னா? ஒரு வாட்டி சொல்லேன், ஒரு மொழம் மல்லி ஃப்ரீ" என்பாள்.

"உன் சாமி பேர நீ சொல்லிகினு இரு. வந்துட்டா, சாந்தோம்லேந்து."

ஆரோக்கியமேரிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் சாந்தோம். மற்ற நாளெல்லாம் இங்கேதான், சாமந்தியும் வில்வமும்.

தேவானையின் கணக்கில் முகம் ஒரு பொருட்டே இல்லை. எல்லோருக்கும் இரண்டு கண், ஒரு மூக்கு. அதை வைத்துக்கொண்டு யாரைக் கண்டுபிடிப்பது? தேய்மானம்தான் ஆளுக்கு ஆள் வேறு. மாசமாக இருப்பவளுக்குப் பின்குதிகால் தேயும். முட்டி வலிக்காரிக்கு உள்பக்கம் தேயும். நாளெல்லாம் கடையில் நின்றே வேலை பார்க்கிற தி.நகர்ப் பெண்களின் செருப்பு தட்டையாக, ஒரே சீராக, சப்பாத்தி மாதிரி இருக்கும். ஒருவரே புதுச் செருப்பில் வந்தால் முதல் நாள் கொஞ்சம் தடுமாறுவாள். "பழசு இன்னா ஆச்சு?" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். மறுநாளிலிருந்து அதுவும் உள்ளே போய்விடும்.

எந்த வயதில் எது மறக்கும் என்பதற்கும் அவளிடம் ஒரு பாடம் உண்டு. "சின்னப் புள்ளைங்க செருப்ப மறந்துட்டு ஓடும். ஆனா பக்கத்துல எந்தச் செருப்பு இருந்துச்சு, அதுல எத்தினி பூ இருந்துச்சுன்னு கேளு, புட்டுப் புட்டு வைக்கும். காலேஜ் பசங்க போன பாத்துகினே வரும், போன பாத்துகினே போவும். அதுங்களுக்கு மறக்கறதுக்கே ஒண்ணும் உள்ள போறதில்ல. குடும்பஸ்தனுக்கு எல்லாம் ஞாபகம் கீது, எல்லாம் அவன் செருப்பப் பத்தி இல்ல. கெயவங்களுக்கு நேத்து வாங்கின செருப்பு தெரியாது. கல்யாணத்துக்கு வாங்கினது தெரியும்."

கடைசி வரிக்கு அத்தாட்சி வேம்பு. எண்பத்திரண்டு வயது. பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடியில் மகளோடு இருக்கிறார். காலையில் ஒரு தரம் வந்து தரிசனம் பண்ணிவிட்டுப் போவார். சில நாள் பத்து மணிக்கு மறுபடி வந்து நிற்பார். முகத்தில் ஒரு சந்தேகம் இருக்கும்.

"தேவானை, நான் காலம்பற வந்துட்டுப் போயிட்டேனோ?"

"இப்ப வந்துகீறீங்க சாமி. செருப்ப உடுங்க."

வந்தாயிற்று, மறந்துவிட்டீர்களா என்று அவள் கேட்டதே இல்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவது இதுதான்: ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதே. இருந்தால் அவர்களே சொல்வார்கள், இல்லாவிட்டால் பயப்படுவார்கள். நேற்றைச் சரிபார்க்காதே, இன்றைக்கு வேண்டியதைக் கையில் கொடு. படித்துத் தேர்வு எழுதியும் பலருக்கு இது வருவதில்லை. தேவானைக்கு வந்திருக்கிறது.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வேம்பு ஒன்று கேட்பார். பத்து வயதில் அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் அவருடைய புதுச் செருப்பு தொலைந்துபோனது. "பிரவுன் கலர், தோல் செருப்பு. எங்கப்பா மொத மொதல்ல வாங்கிக் குடுத்தது. ஆத்துக்குப் போனா அடி விழுமேன்னு குளத்தடியில உக்காந்துண்டு அழுதேன். அது கெடைச்சுதோ?"

"தேடிகினுதான் கீறேன் சாமி."

"மெதுவா தேடு. அவசரமில்லே."

அவர் நிம்மதியாகப் போய்விடுவார். ஆரோக்கியமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தேவானை சிரிப்பதில்லை. ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான். தன் கைக்கு வந்து சேராத செருப்புக்கும் அவள் பொறுப்பு எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மத்தியானம் நடை சாத்தும் முன் கோயில் காவல்காரர் வாசலில் நின்று அவளைத்தான் கேட்பார். "உள்ள யாராவது இருக்காங்களா?" அடுக்கை ஒரு பார்வை பார்ப்பாள். "ரெண்டு ஜோடி கீது. ரெண்டு ஆளு உள்ள கீறாங்க." காவல்காரர் உள்ளே போய், எந்தத் தூணிலாவது சாய்ந்து தூங்கும் இருவரை எழுப்பிக் கூட்டிவருவார். செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். இதில் அவள் தவறியதில்லை.

நடை சாத்திய பிறகு நாலு மணி வரை வேலையில்லை. தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, காலி அடுக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். போன ஆடியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஆரோக்கியமேரியிடம் ஒன்று சொன்னாள்.

"எங்கூட்டுக்காரு மூஞ்சி பூடுச்சுடி."

"எங்க பூடுச்சு?"

"தெரில. கண்ண மூடினா கால்தான் வருது. டயர் செருப்பு. வலது காலு வெளியோரமா தேஞ்சு கீது. மேல போனா லுங்கி. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

இருந்த ஒரே போட்டோவை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆரோக்கியமேரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நா பாத்துகீறேனே அந்த மூஞ்சிய. போனா போவட்டும் வுடுக்கா" என்றாள். தேவானைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதன் பிறகு கண்ணை மூடி உட்காருவதைக் குறைத்துக்கொண்டாள்.

குடியிருப்பது பெரும்பாக்கத்தில். முன்பு சைதாப்பேட்டைப் பாலத்தை ஒட்டி அடையாற்றங்கரையில் இருந்தாள். அதை நினைத்து அவள் ஏங்குவதில்லை. பாம்பு வரும், சாக்கடை வரும், கடைசியில் ஆறே வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரையும் போல அவளுக்கும் அடுக்கு மாடியில் வீடு ஒதுக்கினார்கள். ஐந்தாவது மாடி. சுவர் சுத்தமாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, மழைக்குப் பயமில்லை. ஆனால் வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள். ஒரே படிக்கட்டு, ஒரே வராந்தா, ஒரே நிறக் கதவு. கதவில் எண் இருக்கிறது. "நம்பர் எல்லாக் கதவுலயும்தான் கீது" என்பாள்.

எண்ணை அவள் மனப்பாடம் பண்ணவே இல்லை. பண்ணத் தேவையும் வரவில்லை. பக்கத்து வீட்டில் சேரன் என்று ஒரு செக்யூரிட்டிக்காரன் இருந்தான். அவள் திரும்புவதற்குள் அவன் டியூட்டி முடிந்து வந்திருப்பான், சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே சாய்ந்திருக்கும். மேலே அவன் கதவுக்கு வெளியே கறுப்பு பூட்ஸ். இடது பூட்ஸுக்குக் கயிறு அறுந்துபோய் மஞ்சள் நைலான் கயிறு கோத்திருப்பான். பஸ்ஸை விட்டு இறங்கிச் சைக்கிளைப் பார்த்து ஏறுவாள். ஐந்து மாடி ஏறி, பூட்ஸுக்கு அடுத்த கதவில் சாவியைப் போடுவாள். கீழே சைக்கிள், மேலே பூட்ஸ். ஒன்பது வருடமாக அவள் விலாசம் அதுதான். அவளுடைய கதவுக்கு வெளியே எதுவும் இருக்காது. அவளிடம் இருப்பது ஒரே ஜோடி, அது அவள் காலில் இருக்கும். வீட்டுக்கு வந்தால் உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். வாழ்நாளெல்லாம் பிறத்தியார் செருப்பைக் காக்கிறவள் தன் செருப்பை வெளியே விடுவாளா?

சித்திரையில் சேரன் தங்கை கல்யாணத்துக்கென்று ஒரு வாரம் ஊருக்குப் போனான். சைக்கிள் இல்லை, பூட்ஸும் இல்லை. தேவானை மூன்று கட்டடங்களின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி, கடைசியில் மூச்சு வாங்கிக் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவள் பையில் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து மகனுக்குப் போன் போட்டார்கள். மகன் டில்லிபாபு ஆவடிப் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறான். அங்கேயே ஆட்டோ ஓட்டுகிறான். அன்று வந்து வீட்டைக் காட்டிவிட்டு, கதவருகே நின்று சொன்னான்: "எம்மா, இன்னொரு வாட்டி இந்த மாறி போன் வந்துச்சு, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆவடிக்கு இஸ்துகினு போய்டுவேன். சொல்ட்டேன்."

ஆவடி வீட்டை அவள் பார்த்திருக்கிறாள். மருமகள் கயல் நல்லவள்தான். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பிறகு சாயந்திரம் வரை ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. மயிலாப்பூருக்குத் தினமும் வந்துபோக முடியாத தூரம். அன்றிலிருந்து தேவானை சைக்கிளை இன்னும் கவனமாகப் பார்த்தாள்.

அந்தக் கவனம்தான் வினையாயிற்று. ஐப்பசியில் சேரன் அடுத்த கட்டடத்தில் இருந்த அக்கா வீட்டுக்குக் குடிமாறினான். அதுவும் ஐந்தாவது மாடி. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். "சரிப்பா" என்றுகூடச் சொன்னாள். காது கேட்டது, கால் கேட்கவில்லை. அன்று ராத்திரியே அந்தக் கால் சைக்கிளைப் பார்த்து ஏறியது. பூட்ஸும் இருந்த இடத்தில் இருந்தது. அடுத்த கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினாள். திரும்பவில்லை. சாவியை எடுத்துப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகு பூட்டின் மேல் கோபம் வந்து கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். ஜஹனாரா என்று பெயர். தேவானைக்கு அவளைத் தெரியாது.

"யாரும்மா வேணும்?"

"நீ யாரு? என் வூட்டுல இன்னா பண்ற?"

"இது எங்க வூடும்மா."

"அதெப்டி? பூட்ஸு இங்கதான கீது?"

ஊரே கேட்டுத் தலையாட்டக் கூடிய பைத்தியக்காரப் பேச்சாக அது வெளியே வந்தது. சொன்னவளுக்கே அது கேட்டது. ஜஹனாரா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல மனதோடுதான் சீட்டைப் பார்த்து டில்லிபாபுவுக்குப் போன் போட்டாள். கீழே பால் வாங்கப் போயிருந்த சேரன் ரப்பர் செருப்பில் ஏறி வந்து, "அய்ய, யக்கா, நா மாறிட்டேன்னு சொன்னேனே" என்று சிரித்தபோது போன் பேசி முடிந்திருந்தது.

மறுநாள் பிரதோஷம். நாலரை மணிக்கெல்லாம் குளத்துப் பக்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டு டில்லிபாபு வந்தான். அவனுக்கு முன்பே முருகையன் வந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் போனில் பேசி வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"எம்மா, கெளம்பு."

"கூட்டம் வந்துகினு கீதுடா."

"முருகையண்ணன் பாத்துக்குவாரு."

முருகையன் தொண்டையைக் கனைத்தார். "ஆமாக்கா. நீ ரெஸ்ட் எடு. நாளைலேந்து டோக்கன் போட்டு வேற ஆள வச்சுக்கறேன். வயசாவுதுல்ல."

"நாளைக்கு வச்சுக்கோ. இன்னிக்கு வந்த செருப்ப யாரு குடுப்பா, உங்க டோக்கனா?"

அப்போதே அடுக்கில் நூறு ஜோடிக்கு மேல் இருந்தன, எதற்கும் எண் இல்லை. கூட்டம் நெருக்கியது. வழியில் நின்ற டில்லிபாபுவை, "நிக்கறவன் அந்த மேல் வரிசைய எடுத்துக் குடு" என்று வேலைக்கு இழுத்துப் போட்டாள். ஒரு பெண் பதினேழாம் எண் டோக்கனை நீட்டினாள். டில்லிபாபு அடுக்கில் பதினேழைத் தேடினான். தேவானை அவன் கைக்குக் கீழே புகுந்து ஒரு ஜோடியை எடுத்து அந்தப் பெண்ணின் காலுக்கு முன் போட்டாள்.

"எம்மா, டோக்கன பாக்கவே இல்ல நீ."

"அது எனுக்கு எதுக்கு?"

ஒன்றரை மணி நேரம் அப்படியே போயிற்று. டில்லிபாபு ஏழு தரம் தப்பான செருப்பை எடுத்தான். அவள் ஒரு தரம்கூட எடுக்கவில்லை. நடுவில் வேம்பு வெளியே வந்தார். செருப்பு அவர் காலுக்கு நேராக வந்து நின்றது. அவர் டில்லிபாபுவை உற்றுப் பார்த்தார். "அது கெடைச்சுதோ?" என்றார்.

"எது சார்?"

தேவானை மகனின் முட்டியில் கம்பியால் தட்டினாள். "தேடிகினு கீறோம் சாமி. இப்ப ரெண்டு பேரா தேடறோம்."

"பேஷ்" என்று வேம்பு கிளம்பிப் போனார்.

கூட்டம் வடிந்தது. மேல் வரிசையில் நாலு ஜோடிகள், கீழே ஒன்று. முருகையன் ஆரோக்கியமேரியின் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு வில்வக் கட்டுகளை எண்ணுவது போல இருந்தார். டில்லிபாபு அம்மாவின் பக்கத்தில் குந்தினான்.

"இத்தினி செருப்பு ஞாபகம் கீது. வூடு ஞாபகம் இல்ல. இன்னாம்மா இது?"

"வூடு ஞாபகம் கீது. பூட்ஸு மாறிச்சு, நா மாறல."

"கதவுல நம்பர் கீதுல்ல?"

"நம்பரு நிக்க மாட்டேங்குதுடா. இருவது வயசுல உள்ள போனது ஆணி அடிச்ச மாறி கீது. இப்ப போறது தண்ணில எழுதினா மாறி. நா இன்னா வேணும்னா பண்றேன்?"

"எனுக்குப் பயமா கீதும்மா. யாரோ ஒருத்தன் போன் பண்ணி உங்கம்மா எங்கியோ ரோட்ல குந்திகினு கீதுன்னு சொல்றான். வண்டில சவாரி கீது. நா இன்னா பண்ணுவேன், சொல்லு. நீ எங்கூட வந்துடு."

"உன் வூட்டுல குந்திகினு நா இன்னாத்த ஞாபகம் வச்சுக்கறது? ஃபேனு எத்தினி வாட்டி சுத்துதுன்னா?"

தேவானை அடுக்கின் கீழ் வரிசையிலிருந்த கடைசி ஜோடியைக் கம்பியால் இழுத்து அவன் முன் போட்டாள். அவனுடையது. வந்த வேகத்தில் கழற்றி எறிந்திருந்தான். எப்போது எடுத்து வைத்தாள் என்று அவனுக்குத் தெரியாது. வலது செருப்பைத் திருப்பிக் குதிகாலைக் காட்டினாள்.

"பாரு. வெளியோரமா தேச்சுகீற. உங்கப்பன் தேச்ச மாறியே."

டில்லிபாபு அதை வாங்கிப் பார்த்தான். "அப்பா கால நா பாத்ததே இல்லம்மா. மூஞ்சிதான் ஞாபகம். மேட்ச் பாக்கறப்ப மூக்க சுருக்குமே, அது."

"மூக்க சுருக்குமா?"

"பந்து போடறப்ப. இப்டி." சுருக்கிக் காட்டினான்.

தேவானை அவன் முகத்தைப் பார்த்தாள். செருப்பு வைக்கும் இடத்தில் அவள் ஒருவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து ஆரோக்கியமேரி கண்டதில்லை. பிறகு, வேலை பாக்கி இருக்கிறவள் போல, அவன் கையிலிருந்த செருப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நீ வர வேணாம், நானும் வர்ல. இது மட்டும் எங்கூட வரட்டும்."

"எது?"

"இந்தச் செருப்பு. கதவுக்கு வெளிய போட்டுக்கறேன். இது கெடக்கற வூடு என் வூடு. ஆயிரம் கதவு இருந்தாலும் நா தப்ப மாட்டேன்."

"நா எத்த மாட்டிகினு போவேன்?"

"வண்டி ஓட்டறவனுக்குச் செருப்பு எதுக்கு? நாளைக்குப் புதுசு வாங்கிக்கோ."

ஆரோக்கியமேரி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "குடுத்துட்டுப் போ டில்லி. டோக்கன் குடுன்னு மட்டும் கேக்காத, அதுல நாப்பத்தொண்ணு போட்டுத் தரும்."

டில்லிபாபு எழுந்தான். முருகையனைப் பார்த்தான். அவர் மற்ற நாலு ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குரியவர்கள் வந்தால் எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அதை அவரும் யோசித்திருக்க வேண்டும். "ஒரு மாசம் பாப்போம்ப்பா" என்று டில்லிபாபுவிடம் சொன்னார், அவன்தான் ஏதோ கேட்டிருந்தது போல.

"ஒரு மாசம்" என்று டில்லிபாபு அம்மாவிடம் சொன்னான். வெறுங்காலோடு தார் ரோட்டைக் கடந்து ஆட்டோவில் ஏறினான். ஏறும்போது வலது கால் வெளிப்பக்கமாகத்தான் ஊன்றியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி சேரன்தான் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சரியான கதவில் விட்டான். பூட்ஸைக் கொடுக்க முடியாது, அது டியூட்டிக்கு வேண்டும். ஆனால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன், "சைக்கிள நா பழைய எடத்துலயே வச்சுடறேன்க்கா. எனுக்கு இன்னா, நாலு எட்டு நடக்கணும், அவ்ளோதான்" என்றான். இப்போதும் அப்படியே வைக்கிறான். கீழே சைக்கிள், மேலே செருப்பு.

செருப்பை அவள் வைத்த விதம் முப்பத்திரண்டு வருடப் பழக்கம். முனை கதவைப் பார்க்க, குதிகால் வெளியே பார்க்க. வராந்தா முனையில் திரும்பியதுமே அந்த வலது குதிகாலின் தேய்மானம் கண்ணில் படும்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். தேவானை சைக்கிளைப் பார்த்துப் படியேறினாள். மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். ஐந்தாவதில் திரும்பினாள். எங்கோ டிவி சத்தம், யாரோ மீன் வறுக்கிற வாசனை. வரிசையாகக் கதவுகள். செருப்பு இருக்கிற கதவுக்கு முன்னால் வந்து, தன் செருப்பைக் கழற்றி, முதல் தடவையாக அதை உள்ளே எடுத்துப் போகாமல் பக்கத்தில் விட்டாள். குனிந்து இரண்டு ஜோடியையும் நேராக்கினாள். சாவி இடது கையில் தயாராக இருந்தது.

செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே. வலது கையால் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் நின்றாள். பிறகு சாவியைப் போட்டாள்.